அத்தான் வெட்டிய வசனம்

என் அக்காவின் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆளைத்தான் தேட வேண்டும். என்னிடம் இருப்பவை வேறு மாதிரியான வார்த்தைகள். ஆனால் அவருடைய கதையை ஆதியோடு அந்தமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேறு வழியில்லை. அவர் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறவர். நான் சினிமாவுக்குக் குரல் கொடுக்கிறவள். திரையில் கதாநாயகி வாயைத் திறந்தால் வருவது என் குரல். அத்தானுடைய தொழில் கொள்கையோ, கதாநாயகி வாயையே திறக்கக் கூடாது என்பது. ஒரே குடும்பத்தில் இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பிங் தியேட்டரில் அவருக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். அவர் எழுதின படம் வருகிறதென்றால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. மாமியார் முக்கால் பக்கம் திட்டுவதாக யாராவது எழுதிக் கொண்டுவந்தால் அதை அடித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையிலிருந்து மாமியார் ஒரு தட்டை எடுத்து அலமாரியில் திரும்ப வைக்கிறாள் என்று எழுதுவார். மருமகளுக்குச் சோறில்லை, அவ்வளவுதான் விஷயம். மாமியாருக்குக் குரல் கொடுக்க வந்த அம்மாள் ஒரே ஒரு ‘ம்க்கும்’ சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போவாள். நானும் அவருடைய படங்களுக்குப் பெருமூச்சு, விம்மல், இருமல் என்றுதான் போய்வந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை அந்தப் பிழைப்பில்தான் மண்ணைப் போட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்கள், உதவியாளர்கள், தண்ணீர்க் கேன் போடுகிறவர் என்று எல்லாரிடமும் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு.

“மனசுல இருக்கிறதை வாயால சொன்னா அது நியூஸ். கையால சொன்னாத்தான் சினிமா.”

தண்ணீர்க் கேன்காரர் தலையை ஆட்டிவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போவார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். ஏதோ ஒரு சண்டை, காரணம் அவர்களுக்கே மறந்துபோயிருக்கும். அம்மா டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தால் இன்று தப்பித்தோம், ணங்கென்று வைத்தால் பையன் வெளியே ஓடிவிட வேண்டும். அப்பா செருப்பை வாசலைப் பார்த்து விட்டிருந்தால் திரும்பக் கிளம்பப் போகிறார். அந்தப் பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே டம்ளரையும் செருப்பையும் படித்துவிட்டான். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சில்லாத வீட்டில் வளர்ந்தவனுக்குப் பேச்சின் அருமை தெரிய வேண்டுமா இல்லையா? இவர் என்னடாவென்றால் அந்த வீட்டையே தொழிலாக்கிக்கொண்டார்.

படித்து முடித்ததும் ஒரு பார்சல் ஆபீஸில் கவுன்டர் வேலை. அனுப்ப வந்தவர்கள் பெட்டிக்கு எப்படி டேப் ஒட்டுகிறார்கள் என்று பார்த்தே, பெட்டி பிரியமானவருக்குப் போகிறதா, கடனே என்று போகிறதா என்று சொல்லிவிடுவாராம். பிரியமாக அனுப்புகிறவர்கள் ஒட்டின டேப்பின் மேல் விரலால் இன்னொரு தடவை தடவுவார்களாம். அங்கே பார்சல் அனுப்ப வந்த ஒரு சீரியல் டைரக்டரிடம் இதைச் சொல்லப்போய், அப்படியே அவரோடு ஒட்டிக்கொண்டு சினிமாவுக்குள் நுழைந்தார். பார்சல் ஆபீஸிலேயே இருந்திருந்தால் எங்கள் குடும்பம் நன்றாக இருந்திருக்கும்.

என் அக்கா ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். அவள் ஊசி குத்தினால் குத்தினது தெரியாது என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அத்தான் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். ரத்தம் எடுத்து முடித்ததும், சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையை அவளே இறக்கிவிட்டிருக்கிறாள். அடுத்த வாரம் ரிசல்ட் வாங்கப் போனவர், முன்னால் வந்த கிழவருக்குப் பொத்தானையும் போட்டுவிட்டீர்கள், எனக்கு இறக்கி மட்டும் விட்டீர்கள், ஏன் என்று கேட்டாராம். அக்கா அதில் விழுந்துவிட்டாள். “என்னை யாரும் இப்படிப் பார்த்ததே இல்லடி” என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளைக்குக் குடியில்லை, சீட்டில்லை என்று வீட்டில் விசாரித்தார்கள். நன்றாகப் பார்க்கிறான் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. சொன்னால் கேட்கிறவனா என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

முதலில் திருடு போனது கையுறை. லேபில் பெரிய டாக்டர் திட்டினால் அக்கா எதிர்த்துப் பேச மாட்டாள். ஒரு கையுறையைக் கழற்றி, அதை இன்னொன்றுக்குள் திணித்து, வாயைச் சுருக்கி முடிச்சுப் போடுவாள். அதிகமாகத் திட்டினால் இரண்டு முடிச்சு. அத்தான் எழுதின ஒரு படத்தில் நர்ஸ் ஒருத்தி இதையே செய்தாள். அது நீங்கள்தானே அக்கா என்று லேபில் வரவேற்பில் இருக்கிற பெண் கண்டுபிடித்துவிட்டாள். அக்காவுக்கு அன்றைக்குப் பெருமைதான். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்தது சட்டைக் காலர். புருஷனோடு சண்டை வந்தால் மறுநாள் காலையில் அவருடைய சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து வைப்பாள், காலரை மட்டும் தேய்க்க மாட்டாள். அதுதான் அவள் கோபம். அவர் கசங்கின காலரோடு வெளியே போவார், சாயங்காலம் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார், சரியாகிவிடும். இதுவும் ஒரு படத்தில் வந்தது. தியேட்டரே சிரித்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் போன் பண்ணி, என்னம்மா, மாப்பிள்ளை காலர் இந்த வாரம் எப்படி என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு எந்தச் சண்டைக்கும் அவளால் காலரைத் தேய்க்காமல் விட முடியவில்லை. கோபத்தைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரு வழியும் ஊர்ச் சிரிப்பாகிப் போனது. காலர் உள்பட எல்லாவற்றையும் தேய்த்து வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மூன்றாவது விஷயத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவள் தினம் டீ குடிக்கிற நீலக் கோப்பையை அத்தான் ஒரு நாள் கீழே போட்டு உடைத்துவிட்டார். அதிலென்ன, கை தவறுவது சகஜம். ஆனால் கோப்பை உடைந்ததும் அவர் தரையைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்தாராம், கண்கொத்திப் பாம்பு மாதிரி. அவள் குனிந்து சில்லுகளை எப்படிப் பொறுக்குகிறாள், பெரிய துண்டை முதலில் எடுக்கிறாளா, கோப்பையின் காதை முதலில் எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு விளக்குமாறு எடுத்துக் கொடுக்கவில்லை. அக்கா இதை என்னிடம் வந்து சொன்னாள். அவளுக்குச் சமாதானம் சொல்லத்தான் முயன்றேன், எனக்கே அது எடுபடவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் அம்மா இறந்தது.

அம்மாவுக்குக் காது கேட்காது. காது மிஷின் வைத்திருந்தாள். எது வலது காது, எது இடது காது என்று குழம்புவாள் என்பதால் அக்கா தன் சிவப்பு நகப்பூச்சால் வலது மிஷினில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். அம்மா படுக்கப் போகும்போது அக்காதான் மிஷினைக் காதிலிருந்து எடுத்து, சின்ன மூடியை நகத்தால் திறந்துவைப்பாள். மூடி திறந்திருந்தால் பேட்டரி வீணாகாது. ஆஸ்பத்திரியில் அன்று காலை, எல்லாம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். நான் சத்தம் போட்டு அழுதேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அக்கா அழவில்லை. அம்மாவின் தலையை மெல்லத் திருப்பி, மிஷினை எடுத்து, மூடியை நகத்தால் திறந்து, தினம் வைப்பது போலப் பக்கத்து மேஜையில் வைத்தாள். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும், வாசலில் பாக்கெட்டில் கைவிட்டு நின்ற அத்தானும்தான் இருந்தோம்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ஜாதி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்திலேயே பெண் எடுத்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

அந்தப் படத்தின் முதல் நாள் காட்சிக்கு அக்காவும் நானும் போயிருந்தோம். எனக்கு அதில் குரல் வேலை இல்லாததால் கதை தெரியாது. இடைவேளைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. திரையில் ஒரு கிழவி, பக்கத்தில் மகள். மகளின் கை கிழவியின் காதுக்குப் போனபோதே எனக்குக் குளிரெடுத்துவிட்டது. நகம் மூடியைத் திறந்தது. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். கேமரா மேஜையில் கிடந்த மிஷினுக்கு வெகு கிட்டே போனது. அதில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அது அம்மாவுடைய மிஷினேதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பீரோவைத் திறந்து பார்த்தாள். மிஷின் வைத்திருந்த டப்பா இருந்தது, உள்ளே பஞ்சு மட்டும். அத்தான் மறைக்கவில்லை, அதற்கெல்லாம் அவருக்கு வெட்கம் கிடையாது. புதிதாக வாங்கினால் காட்சியில் ஒட்டாது, பழையதாக இருந்தால்தான் உயிர் வரும் என்று விளக்கினார். அது எங்கே என்று கேட்டதற்கு, ஷூட்டிங் சாமான்களோடு எங்கேயோ போய்விட்டது, கிடைத்தால் வாங்கித் தருவதாகச் சொன்னார். கிடைக்கவேயில்லை. அடி மடியில் கை வைத்துவிட்டுத் தேடிப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்?

அக்கா அன்று ஒன்றுதான் கேட்டாள். “எங்கம்மா செத்தப்போ உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா, இல்ல வேலையா இருந்தீங்களா?”

“நான் பார்க்கிறதே வருத்தப்படறதுதான்” என்றார். இப்படி ஒரு வசனத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் முதல் ஆளாக அவரே வெட்டியிருப்பார்.

மறுநாளிலிருந்து அக்கா கையைக் கட்டிவிட்டாள். கட்டினாள் என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. வேலையெல்லாம் நடந்தது. ஆனால் கையில் ஒன்றும் தெரியாது. அதற்கு அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஊசி பிடிக்கிற கை அது. எதிரில் இருப்பவர் என்ன கத்தினாலும் நடுங்காது, அவசரப்படாது. அந்தக் கையை அவள் லேபிலேயே கழற்றி வைக்காமல் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். கதவை ஒரே மாதிரி சாத்தினாள். தட்டை ஒரே மாதிரி வைத்தாள். சட்டைகள் எல்லாம் கடையில் தேய்த்தது போல் இருந்தன.

மனதில் இருப்பதை வாயால் சொன்னாள். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல. எனக்கு இப்போது உங்கள் மேல் கோபம், தட்டைச் சத்தமில்லாமல்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டு அப்படியே வைப்பாள். இன்று அம்மா ஞாபகம் வந்தது, குளிக்கும்போது அழுதேன், நீங்கள் பார்க்கவில்லை என்று தெரிவிப்பாள். ஒரு தடவை நான் போயிருந்தபோது, “உங்களைப் பார்த்தா எரிச்சலா வருது, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்று கேட்டாள். எனக்குப் புரையேறிவிட்டது. அத்தான் கரண்டியைப் பிடித்த அவள் விரல்களையே பார்த்தார். விரலில் ஒன்றுமில்லை.

அவரும் விடவில்லை. சாவியை ஒளித்து வைத்தார். அவளுக்குப் பிடிக்காத தன் தங்கையைக் கூட்டிவந்து ஒரு வாரம் வைத்திருந்தார். அம்மா உட்கார்ந்த நாற்காலியைப் பழைய சாமான்காரனுக்குப் போடப்போவதாகச் சொல்லிப் பார்த்தார். நாற்காலியைத் தொட்டால் நான் போலீசுக்குப் போவேன் என்று அக்கா அறிவித்துவிட்டுக் காய் நறுக்கினாள், ஒரே அளவில். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஐயா எழுதுவது நின்றுபோனது. இத்தனை வருஷமும் அவர் மூளையிலிருந்து எழுதுவதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து எழுதினார் என்று எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து அவருக்குப் பெரிய படம் ஒன்று வந்திருந்தது. ஒரு பெண் புருஷனை விட்டுப் போகிற கதை. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. மோதிரத்தைக் கழற்றி வைப்பதாக எழுதினார், பார்த்தாயிற்று என்று டைரக்டர் தள்ளிவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவதாக எழுதினார், அதுவும் பார்த்தாயிற்று. படப்பிடிப்புத் தேதி நெருங்க நெருங்க டைரக்டர் போனில் மரியாதையைக் குறைத்துக்கொண்டே வந்தார். இந்தப் படம் கைவிட்டுப் போனால் அடுத்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்கிற நிலைமை.

ஒரு நாள் நான் வேலை பார்க்கிற டப்பிங் தியேட்டருக்கே வந்துவிட்டார். டீ இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் அக்கா என்னை விட்டுப் போவதாக இருந்தால் எப்படிப் போவாள் என்று கேட்டார். கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பயத்தில் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் ஏமாந்துவிட்டேன். பிறகுதான் சீனுக்குக் கேட்கிறார் என்று புரிந்தது.

“வாயால சொல்லிட்டுப் போவா, அத்தான்” என்றேன்.

“அது சீனே இல்லையே, பாப்பா” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்தும் அவருக்கு நான் பாப்பாதான்.

அதற்குள் அக்கா வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குக் கேட்டு, அதுவும் கிடைத்திருந்தது. எனக்கு மட்டும் தெரியும். போவதா இருப்பதா என்று அவள் முடிவு பண்ணியிருக்கவில்லை. பையைக் கட்டுவாள், பிரிப்பாள். என்ன இருந்தாலும் அந்த மனுஷன் ஒரு காலத்தில் அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு மறக்கவில்லை. எனக்கானால் அவள் என்றைக்கோ போயிருக்க வேண்டும். நான் இப்படிச் சொன்னால், புருஷன் பெண்டாட்டி நடுவில் நீ ஏண்டி நாட்டாமை பண்றே என்று என் மேலேயே பாய்வாள்.

அவள் கிளம்பின மத்தியானம் நடந்ததை பஸ்ஸிலிருந்து போனில் எனக்குச் சொன்னாள். காலையில் லேபுக்குக் கடைசியாகப் போய்விட்டு வந்திருக்கிறாள், சாப்பிட நேரமில்லை. பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மேஜையில் கிடந்த ஓர் ஆரஞ்சை எடுத்துக்கொண்டு அத்தானுக்கு எதிரில் உட்கார்ந்தாள். உரித்துக்கொண்டே பேசினாள். வேலை கிடைத்திருக்கிறது என்றாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னாள். கையுறையும் காலரும் போனால் போகிறது, அம்மாவின் மிஷினை எடுத்துக்கொண்டு போனீர்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை என்றாள். அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கை அவர் கண் முன்னால் ஏதோ செய்கிறது. தோல் அறுபடாமல் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. மேஜைக்கடியில் அவருடைய முழங்கால் ஆடியது என்று அக்கா சொன்னாள். நல்ல சீன் கிடைத்தால் அவருக்கு அப்படி ஆடும்.

அக்கா உரிப்பதை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: “இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பையைப் பிரிச்சுடறேன்.”

“ம், ம். நீ உரி” என்றார் அத்தான்.

அக்கா உரித்தாள். சாப்பிட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. எனக்குத்தான் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். எங்கள் அம்மா நிஜமாகவே செவிடு, ஆனால் நாங்கள் உதட்டை அசைத்தால் என்ன ஏது என்று முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

மறுநாள் சாயங்காலம் அத்தான் எனக்கு போன் பண்ணினார். உன் அக்கா டூட்டி முடிந்து வரவில்லையே, அங்கே வந்திருக்கிறாளா என்றார். அதுவரை சீன் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் சொல்லிக்கொண்டுதானே போனாள் என்றேன். எப்போது என்று கேட்டார். பிறகு, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாளே, அப்போதா என்று அவரே கேட்டார்.

ஆனால் மனுஷன் பயப்படவில்லை, அதுதான் வேடிக்கை. தட்டில் பாதிப் பழத்தைத் தனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றார். வாயில் என்ன சொல்லியிருந்தால் என்ன, கை பொய் சொல்லாது, பாதியை வைத்துவிட்டுப் போகிறவள் திரும்பி வருகிறவள்தான் என்று எனக்கே பாடம் எடுத்தார். அக்கா அவருடைய நம்பரை எடுப்பதில்லை. அதைக் கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம், கோபத்தில் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டைப் பூட்டினால் சாவியை அவள் வழக்கமாக எடுக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாராம்.

அந்தப் படத்தின் கதாநாயகிக்கு நான்தான் குரல். கடைசிக் காட்சிக்கு மைக் முன்னால் நின்றபோது திரையில் என் அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் அந்த நடிகையுடையது, கை அக்காவுடையது. ஒரு வசனம் இல்லை. பழத்தை இரண்டாகப் பிளந்தாள், ஒரு பாதியைச் சுளை சுளையாகத் தின்றாள், மறு பாதியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். புருஷன் அந்தப் பாதியை எடுத்துத் தின்றுகொண்டே அழுதான். டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தட்டில் வைக்கிற இடத்தில் ஒரு மூச்சு வேண்டும், பிரியம் இன்னும் போகாத மாதிரி என்றார். நான் கொடுத்தேன். கூலிக்கு வந்தவள் வேறென்ன செய்வது? அவருக்குத் திருப்தி. எனக்கு அந்த நாள் முழுக்க வாயே கசந்தது.

வெளியே வந்து அக்காவுக்கு போன் போட்டேன். அவள் புது ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். காட்சியைச் சொல்லி, ஏன் பாதியை வைத்துவிட்டுப் போனாய் என்று கேட்டேன். உள்ளபடியே எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

“அழுகியிருந்துச்சுடி” என்றாள். பிறகு சிரித்தாள். “நல்ல பாதியைத் தின்னேன். பசி.”

படம் ஓடியது. அந்தப் பாதிப் பழத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினார்கள். பிரிவிலும் பங்கு வைக்கிற பெண் மனம் என்று ஒருவர் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு டப்பிங் தியேட்டர் வாசலில் தனியாக நின்று சிரித்தேன்.

அத்தானுடைய போன் அப்புறம்தான் வந்தது. நான் அடுத்த ரீலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும், படம் அந்த ஊரிலும் ஓடுகிறதே, அவள் பார்த்திருப்பாளே, ஏன் இன்னும் வரவில்லை என்றார். குரல் பழைய குரலாக இல்லை. இரக்கப்படலாமா என்று யோசித்தேன், நகப்பூச்சுப் பொட்டு ஞாபகம் வந்தது.

“அந்தப் பாதி அழுகல், அத்தான்” என்றேன். “அதான் வச்சுட்டுப் போனா.”

அந்தப் பக்கம் வண்டிகள் போகிற இரைச்சல் கேட்டது.

“நான் தின்னேனே, பாப்பா” என்றார்.

கையைப் பார்த்துப் படித்த பாடம் அப்போதுதான் அவருக்குக் கை கொடுக்காமல் போனது. பிறகு, இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டார்.

“அன்னைக்கு அவ என்னதான் சொன்னா? விரல் ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. சொன்னதுல ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல. உன்கிட்ட சொல்லியிருப்பாளே.”

சொல்லியிருந்தாள். ஒரு தடவை கேட்டால் வசனம் எனக்கு மனதில் ஏறிவிடும், அதுதான் என் பிழைப்பு. அவள் எங்கே நிறுத்தினாள், எங்கே மூச்சு வாங்கினாள் என்பது வரைக்கும் அப்படியே இருந்தது. இரு என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள், சொல்லியிருந்தால் பையைப் பிரித்திருப்பாள். நாக்கு நுனியில் வந்து நின்றது.

“அந்த வசனத்தைத்தான் நீங்க வெட்டிட்டீங்களே, அத்தான்” என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. ஒரு மூச்சு உள்ளே போய் நடுவில் தடுக்கி, எச்சில் விழுங்குகிற சத்தம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. என்னை அந்த மூச்சைக் கொடுக்கச் சொல்லி எத்தனை டைரக்டர்கள் எத்தனை தடவை திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அத்தானுக்கு ஒரே டேக்கில் ஓகே. உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டுப் போனேன்.